ரத்தம் அளக்கிற மகளுக்கு, வயிற்றெரிச்சலுடன்

மகளே,

'இங்கு யாவரும் நலம், உன் நலமறிய அவா' என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை அப்படித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். அப்பாவின் உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் என்னோடு பேசுவதில்லை. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், ஆனால் உனக்குச் சம்பந்தம் பேச வந்த கடம்பூர்க்காரர்கள் நம் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான். அவர்களாக உன் காதில் போடுவதற்கு முன்னால், அப்பா தன் பங்குக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடுவதற்கு முன்னால், என் வாயால் நீ கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வந்தால் இந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. ஆனால் கடைசி வரை படி.

அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிடித்திருக்கிறது என்று நீ எழுதவில்லை. பொங்கலுக்கு லண்டனில் நம்மவர்கள் கூடிய இடத்தில் பார்த்ததாகவும், இன்ஜினீயர் என்றாலும் அலட்டிக்கொள்ளாமல் பேசுவதாகவும், சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிப்பதாகவும் எழுதியிருந்தாய். ஒரு பெண் ஆணின் கண்ணைப் பற்றி எழுதிவிட்டால் அதற்கு மேல் தாய்க்கு விளக்கம் தேவையில்லை. பார்த்தால் அவன் கடம்பூரில் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பையன். ஜாதகமும் பொருந்திவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உனக்கு வயது ஏறுகிறது என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஒரே போடாகப் பதில் சொல்லிவிடலாம் என்று மில்லில் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டார். அப்படிப்பட்ட சம்பந்தத்தைத்தான் நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு உன் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை.

பெற்ற தாய்க்கு மகள் மேல் பொறாமையா என்று நீ கேட்கலாம். ஊரில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். உனக்குச் சின்ன வயதில் திருஷ்டி சுற்றிப் போடுவேனே, உப்பும் வத்தலும் கையில் வைத்துக்கொண்டு, ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு என்று சொல்லிக்கொண்டே வருவேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வது அவ்வளவுதான். அதற்கு முன்னால், உதடு மட்டும் அசைய, பெத்தவ கண்ணு என்று முதலில் என்னைத்தான் சேர்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சிக்கு உன்னைப் பார்க்க வந்தேன், நினைவிருக்கிறதா? கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் எந்த வாயு வரும், தீக்குச்சியைக் காட்டினால் என்ன ஆகும் என்று பெரிய மனுஷி மாதிரி விளக்கிக்கொண்டிருந்தாய். மற்ற அம்மாக்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். நான் அந்தக் குழாயையே பார்த்தேன். அதை ஒரு தடவை என் கையில் கொடு என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று அப்பா சொன்னார். எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

என் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். நான் பிறந்த ஊரான எப்போதும்வென்றானில் எங்கள் அப்பாவுக்குப் பருத்தியும் கம்பும் விளைகிற கரிசல்காடு. மழை பெய்தால் கால் வைக்க முடியாது, காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அந்தக் காட்டைத் தாண்டி நடந்து போய்த்தான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். சயின்ஸில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் எனக்குத்தான். ஹெட்மாஸ்டர் வீடு தேடி வந்து, இந்தப் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புங்கள் என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்துவிட்டு, அந்த வைகாசியிலேயே எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார். தட்டுத்தடுமாறிப் பாஸான என் தம்பி, உன் மாமா, தூத்துக்குடிக் காலேஜுக்குப் போனான். லீவுக்கு என் வீட்டுக்கு வரும்போது கெமிஸ்ட்ரிப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குவான். நான் தலையணையை மெதுவாகக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை உருவி எடுத்துப் படித்திருக்கிறேன். அவன் மேல் எனக்கு இருந்த பொறாமை ஒரு வகை. அதில் கோபம் இருந்தது, அவனுக்குத் தகுதியில்லை என்ற நினைப்பும் இருந்தது. உன் மேல் உள்ளது அப்படி இல்லை. உனக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. அதனால்தான் இது இன்னும் மோசமாக எரிகிறது.

நீ மெட்ராஸுக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போன அன்று கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது நான் கை காட்டவில்லை என்று வெகுநாள் குறைப்பட்டாய். பிரிவு தாங்காமல் அம்மா கல்லாக நின்றுவிட்டாள் என்று நீயாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாய் போலிருக்கிறது. அது பிரிவு இல்லை, மகளே. உனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. மடியில் புத்தகம் இருந்தது. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய பிறகு கை எழும்பவில்லை. போன விடுமுறைக்கு லண்டனிலிருந்து நீ வந்தபோதும் அதே கதைதான். அப்படி என்ன ஊரில் இல்லாத வேலை பார்க்கிறாய் என்று வெடுக்கென்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே அடுப்படியில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிற்பகல் முழுக்கச் சொன்னாய். நான் உளுந்தைப் புடைத்துக்கொண்டு அக்கறை இல்லாதவள் மாதிரி கேட்டேன். ஒரு வார்த்தை விடவில்லை.

சர்க்கரை மாதிரி ஒரு மருந்தைச் செய்து, அதில் கதிர் வீசுகிற துணுக்கு ஒன்றை ஒட்டவைத்துக் கையில் ஊசி போட்டுவிடுவார்கள் என்றாய். மூளை சர்க்கரை என்று நினைத்து அதை இழுத்துக்கொள்ளும். தலையைச் சுற்றி வளையமாக நிற்கிற ஒரு இயந்திரம், எந்த இடத்தில் எவ்வளவு கதிர் என்று படம் பிடிக்கும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, படம் எடுக்கிறவன்தானே பெரிய ஆள், நீ என்ன செய்கிறாய் என்று மட்டம் தட்டினேன். அப்போதுதான் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "எம்மா, படம் மட்டும் பாத்தாப் பத்தாது. அப்பா மில்லுக்குள்ள இம்புட்டுப் பஞ்சு கெடக்குன்னு பாத்தா, மில்லு எம்புட்டு நூக்குதுன்னு தெரியுமா? காலையில இருந்து கேட்டுக்குள்ள எம்புட்டுப் பஞ்சு வந்துச்சுன்னு எண்ணுனாத்தான தெரியும்? மூளைக்கு ரத்தந்தான் கேட்டு. அந்தக் கேட்டுல நிக்கவ நான்," என்றாய். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு களை வந்தது. எனக்கு முறத்தில் இருந்த உளுந்து கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். மணிக்கட்டில் துடிக்கிற நாளத்தில் டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி வைப்பார். மருந்து உள்ளே போனவுடன் நீ அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் பிடிக்க வேண்டும். ஒருத்தி மணி பார்த்துச் சத்தம் கொடுப்பாள், நீ குழாய் மாற்றி மாற்றிப் பிடிப்பாய். ஆரம்பத்தில் மூச்சு விடக்கூட நேரம் கிடைக்காது, போகப் போக இடைவெளி விடலாம். பிடித்த ரத்தத்தை இயந்திரத்தில் போட்டுச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்த நீரை அளந்து எடுத்து, நடுவில் குழி உள்ள ஒரு கருவிக்குள் இறக்கினால், கதிர் எவ்வளவு என்று அது எண்ணிச் சொல்லும். அந்தக் கருவிக்குக் கிணறு என்றே பெயர் என்றாய். தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிறவளிடம் வந்து, தான் ஒரு கிணற்றுக்கு அதிகாரி என்று சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். மருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் தேய்ந்துகொண்டே போகும், ரெண்டு மணி நேரம் முடிவதற்குள் பாதிக்கு மேல் இல்லாமல் போய்விடும், அதனால் எந்தக் குழாயை எத்தனை மணிக்கு எண்ணினோம் என்று பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும், அறையில் உள்ள கடிகாரம் எல்லாம் ஒன்றுபோல ஓட வேண்டும் என்றாய். எதில் தவறினால் ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். முதல் நிமிஷத்தில் என்றாய். மருந்து ரத்தத்தில் விறுவிறுவென்று ஏறுகிற நேரம் அதுதான், அதைத் தவறவிட்டால் அப்புறம் சாயங்காலம் வரை அளந்தாலும் கணக்கு சேராது என்றாய்.

நீ திரும்பிப் போன பிறகு அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா? ஹெட்மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போனாரே, அதுதான் என் முதல் நிமிஷம். அதைத் தவறவிட்டார்கள். அதற்கப்புறம் என்ன பிடித்து என்ன? உன் வேலையை நான் தெருவில் எல்லோருக்கும் சொன்னேன். ஜவுளிக்கடை பாய் வீட்டம்மா, "படிச்சவ மாதிரி சொல்லுதீங்களே அக்கா," என்று வாயைப் பிளந்தாள். அவளிடம் சொல்லும்போது 'என் மகள் பிடிப்பாள், என் மகள் எண்ணுவாள்' என்று தொடங்கி, பாதியில் என்னை அறியாமல் 'ரத்தம் பிடிக்கணும், உடனே சுத்தணும்' என்று நானே செய்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். பேசி முடிக்க வருகிறோம் என்று கடம்பூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பையனின் அப்பா, அம்மா, நடுவில் நின்று பேசுகிற அண்ணாச்சி ஒருவர், மூன்று பேரும் வந்தார்கள். தட்டில் பூ, பழம், ஓலைப்பெட்டியில் போளி. விடிகாலையில் இருந்து நான் சமைத்திருந்தேன். உனக்குத் தெரியும், நம் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். பேச்சு முடிந்து, சரி என்று வாய் வந்த பிறகுதான் இலை போடலாம். பேச்சு நன்றாகத்தான் போனது. நகை, சீர் எதையும் அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. கல்யாணத்தைக் கோவில்பட்டியில் வைக்கலாம் என்றார்கள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் இலையை நனைத்துத் துடைக்க எழுந்தேன். அப்போது அந்த அம்மா ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்றார்.

"மயினி, ஒங்க மக அங்கன ஊரான் ரத்தத்துல வெச மருந்த ஏத்தி, அத எடுத்து அளக்காளாமே. அந்தக் கதிரு பட்டா வயித்துல பிள்ள தங்காதுன்னு சொல்லுதாவ," என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். நான் நீ சொன்னதை எல்லாம் சொன்னேன். ஈயக்கட்டிக்குப் பின்னால் நின்று வேலை பார்ப்பதை, சட்டையில் குத்தியிருக்கிற பில்லை உன் மேல் பட்ட கதிரைக் காட்டிக்கொடுப்பதை, அளவு மீறினால் அவர்களே வேலையை நிறுத்திவிடுவதை எல்லாம் விளக்கினேன். பிள்ளை உண்டானால் அந்த அறைக்குள்ளேயே விட மாட்டார்கள் என்றேன். இது போதும் என்று நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் தெரிந்ததை எல்லாம் கொட்டாவிட்டால் ஆகாதே. அந்த மருந்து ரொம்ப நேரம் இருக்காது, சாயங்காலத்துக்குள் செத்துவிடும் என்றேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப அவ தெனமும் செத்தத வச்சுக்கிட்டுத்தான் இருக்கா. தீட்டு தான மயினி?" என்றார். அண்ணாச்சி இருமினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என் மேதாவித்தனத்துக்குக் கிடைத்த பரிசு அது.

அந்த அம்மா விடவில்லை. படிப்பு இருக்கட்டும், பட்டம் இருக்கட்டும், கல்யாணம் ஆனதும் அந்த வேலையை மட்டும் விட்டுவிடட்டும், வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கட்டும், இதற்கு ஒரு வாக்குக் கொடுத்தால் இப்போதே இலையில் உட்காருகிறோம் என்றார். "விட்டுருவால்லா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா பாவம், அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, "அவ அம்மா சொன்னாக் கேப்பா," என்று என் தலையில் கட்டிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதை நன்றாகக் கேள். அந்த நேரத்தில் எனக்கு இனித்தது. விட்டுவிடுவாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா சொன்னால் சரி என்று நீயே எழுதியிருந்தாய். உன் குழாய்கள், உன் கிணறு, நீ நிற்கிற அந்த வாசல், எல்லாம் ஒரு சொல்லில் போய்விடும். நீயும் என்னைப் போல ஆகிவிடுவாய். எதற்காக விட்டோம் என்று யாராவது கேட்டால் குடும்பத்துக்காக என்று நானும் சொல்லலாம், நீயும் சொல்லலாம். அந்தச் சொல் என் வாய்க்குள் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பல வருஷமாக அனுபவித்ததில்லை. வாயைத் திறந்தேன். "விட மாட்டா மயினி. நான் விடச் சொல்லவும் மாட்டேன்," என்று வந்தது.

அப்பா, "ஏட்டி, என்ன பேசுதேன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?" என்றார். எனக்கே தெரியவில்லை. பையனின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அண்ணாச்சி, பொம்பளைகள் பேச்சு, ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பூத்தட்டை எடுத்துக்கொண்டார்கள். போளியை எடுக்கவில்லை. இது சம்பந்தத்துக்குக் கொண்டுவந்தது இல்லை, பலகாரம்தான், சாப்பிடுங்கள் என்று அந்த அம்மா ஓலைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நல்ல மனுஷி. அந்த வீட்டுக்கு நீ போனால் உன்னை நன்றாகத்தான் வைத்துக்கொள்வார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஒங்க மக மேல ஒங்களுக்கு அம்புட்டுப் பிரியமா மயினி?" என்று கேட்டார். "பிரியம் இல்ல மயினி. பொறாமை," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்குப் புரிந்தது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் ஏதாவது ஒரு ஹெட்மாஸ்டர் வந்துபோயிருப்பார்.

சமைத்ததைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். அப்பா போளியை மட்டும் தின்றார், என்னோடு பேசாமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. மறுநாள் மில்லுக்குப் போகும்போது, மகள் வாழ்க்கையில் பொறாமைப்பட்டு மண்ணைப் போட்டுவிட்டாள் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பாதி சரி. நீயும் அப்படி நினைக்கக்கூடும் என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். பொறாமைக்காரி என்று என்னை நீ சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பொறாமை அன்று எந்தப் பக்கம் நின்றது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தாய் என்ற முறையில் உனக்கு இரண்டு வார்த்தை. அந்தப் பையனை நீ நேரில் பார்த்துப் பேசு. அவன் அம்மா கேட்டதை அவனிடம் சொல், நான் சொன்ன பதிலையும் சொல். நல்லவனாகவே இருந்தாலும் அவனுக்கும் என்றாவது உன் வேலை மேல் பொறாமை வரும். ஆண்களுக்கு வராது என்று நினைக்காதே, அவர்களுக்குத்தான் அதிகம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொள். பொறாமையே இல்லை, உன் உடம்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை என்று சொல்கிறவன் என்றால் கொஞ்சம் யோசி. கவலை என்ற பெயரில் வருகிற பொறாமையை எதிர்த்து நிற்க முடியாது. அது அன்பு மாதிரியே பேசும். என் அப்பாவும் என்னைக் காலேஜுக்கு அனுப்பாததற்குக் கவலை என்றுதான் பெயர் வைத்தார். உண்மையிலேயே உடம்புக்குக் கேடு என்று உனக்கே தோன்றினால், உனக்குச் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டு நீயே முடிவு செய். உனக்கே அலுத்துப்போனாலும் விடு. அப்படி விட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இலை போட வேண்டும் என்பதற்காக மட்டும் விடாதே.

அவன் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் உனக்கு அழுகை வரும். வரட்டும். அழும்போது என்னைத் திட்டிக்கொள், அந்தப் பழி எனக்கு இருக்கட்டும். சிரிக்கிற கண் உள்ளவன் இன்னொருவன் கிடைக்காமலே போனாலும் போகலாம். கட்டாயம் கிடைப்பான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தெருக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அப்பா இன்னும் கொஞ்ச நாளில் பேசிவிடுவார், மோர்க்குழம்பு வைத்தால் அவருக்கு ரொம்ப நாள் கோபம் நிற்காது.

அன்றைக்கு என் வாயில் ஏன் சொல் மாறி வந்தது என்று இத்தனை நாளும் யோசித்தேன். இப்போது தெரிகிறது. விட்டுவிடுவாள் என்று சொல்ல வாயைத் திறந்தபோது, எனக்கு எதிரே நீ நிற்பது தெரிந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "எம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று என்னிடம் கேட்கிறாய். உன்னைப் பார்த்தேன். எனக்குப் பொறாமையே வரவில்லை. நீ பிறந்ததிலிருந்து எரிந்துகொண்டிருந்தது சுத்தமாக அணைந்துபோயிருந்தது, அதன் இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. என்னை நினைத்து நான் பட்ட இரக்கமே எனக்குப் போதும், மகளே. உன் மேலும் அதைப் பட வைத்துவிடாதே. உன்னைப் பார்த்து வயிறெரிந்தபடியே நான் சாக வேண்டும்.

அம்மா